இருமலையும் விசாரிக்கும் எச்.ஐ.வி. களப்பணி

சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ ஒரு நிலையத்தின் பெயர். அந்தப் பெயரைக் கொடுத்தது, 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை. 1990-களில் அதே வார்டுகளுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களும் வரத் தொடங்கினார்கள். 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்வான மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று.

காசநோய் மருத்துவமனைக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் வந்தது தற்செயல் அல்ல. காசநோய்க் கிருமி பலர் உடலில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும்; எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குலைத்ததும் தலைதூக்கும். உலகம் முழுவதும் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான். 2023-இல் மட்டும் அப்படி இறந்தவர்கள் ஏறத்தாழ 1,61,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தனை பேரையும் கொன்றது, மருந்தால் குணமாகக்கூடிய நோய்.

சிகிச்சை மையத்துக்கு வருகிறவரை அங்கேயே பரிசோதிக்கலாம். வராதவரை?

பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஊசிவழி போதை மருந்து எடுப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள் ஆகியோரைத் தேடிப் போகிறவர்கள் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள்தான். அவர்களில் பலர் அதே சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஆணுறை கொடுத்து, தயங்குகிறவரை எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப்போகும் இவர்களே காசநோயையும் விசாரிக்க வேண்டும் என்பதுதான் இரு நோய்ப் பணிகளின் ஒருங்கிணைப்பு.

நான்கு கேள்விகள்

இருமல் இருக்கிறதா? காய்ச்சல் அடிக்கிறதா? இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா? எடை குறைந்திருக்கிறதா? எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களிடம் இந்த நான்கையும் கேட்கும்படி 2011-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மற்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால்தான் சந்தேகம். இவர்களுக்கு நேற்று தொடங்கிய இருமலும் கணக்கில் சேரும்.

ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சளிப் பரிசோதனை. இவர்கள் சளியில் கிருமி குறைவாக இருப்பதால் மைக்ராஸ்கோப்பில் தப்பிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தரும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவி அதைவிடக் கூர்மையானது. நான்குக்கும் ‘இல்லை’ என்ற பதில் வந்தாலும் பயன் உண்டு: அவருக்குக் காசநோய்த் தடுப்பு மருந்து கொடுக்கலாம்.

இப்படி இரண்டு நோய்களையும் சேர்த்து விசாரிப்பது வேறு நாடுகளில் நடந்திருக்கிறது. ஜாம்பியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 2013 முதல் 2018 வரை நடந்த ‘பாப்ஆர்ட்’ ஆய்வில் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போனார்கள். வீட்டிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றார்கள். அதே வருகையில் காசநோய் அறிகுறிகளையும் விசாரித்தார்கள்.

அலைச்சல் யாருக்கு?

‘ஆம்’ என்றவரை “ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டால், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர் போகமாட்டார். சளி டப்பாவை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லவும், முடிவை அவரிடமே தெரிவிக்கவும் ஆளும் பயணப்படியும் வேண்டும். கூடவே ரகசியமும் காக்கப்பட வேண்டும். காசநோய் உறுதியானால் குடும்பத்தாரையும் பரிசோதிப்பார்கள். அந்த வேளையில் அவருடைய எச்.ஐ.வி. நிலை வெளியே கசியக் கூடாது. இதற்கான பயிற்சியும் நிதியும் இல்லாமல் களப்பணியாளர் மீது இன்னொரு படிவத்தைச் சுமத்துவது நியாயமில்லை.

எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097, காசநோய்க்கு 1800-11-6666 ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கலாம்.