மூன்று பேர், ஒரு நிலவறை

நியூயார்க்கின் செவன்த் அவென்யூவில் குறுகலான படிகளில் இறங்கினால் வில்லேஜ் வேன்கார்டு வரும். 1935 முதல் அதே நிலவறையில் நடந்துவரும் இசைக்கூடம். நூற்றுச் சொச்சம் பேருக்கு மேல் உட்கார இடமில்லை. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பில் எவன்ஸ் ட்ரியோ என்ற ஜாஸ் குழு அங்கே மதியமும் இரவுமாக ஐந்து செட் வாசித்தது. ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனம் அத்தனையையும் ஒலிப்பதிவு செய்தது. முதல் உருப்படியின்போதே மின்சாரம் தடைப்பட்டதுகூடப் பதிவில் இருக்கிறது. கிளாஸ்கள் உரசும் சத்தம் கேட்கிறது, யாரோ சிரிக்கிறார்கள். என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லையே என்று ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது.

பியானோவில் எவன்ஸ், டபுள் பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். ஜாஸ் ட்ரியோ என்றால் பெரும்பாலும் இந்த மூன்று வாத்தியங்கள்தான். ஒரு பாட்டின் மெட்டை முதலில் ஒரு முறை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதன் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதே சுற்றில் திரும்பத் திரும்பப் புதிதாகக் கற்பனை செய்வார்கள். கர்நாடக இசையின் நிரவலில் சாகித்திய வரி அப்படியே நிற்க, சங்கதிகள் மாறிக்கொண்டே போகுமல்லவா? இங்கே நிற்பது வரி அல்ல, சுரக்கூட்டு.

அந்தச் சுற்றில் பாஸ் வாசிப்பவருக்கு அதுவரை பெரும்பாலும் ஒரே வேலை. அடிக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும், டிரம்மர் சிம்பலில் காலத்தைக் காட்டுவார், பேச்செல்லாம் பியானோவுக்கு. லஃபாரோ நடக்க மறுத்தார். எவன்ஸ் ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் இவர் ஆரம்பித்தார், குறுக்கே பேசினார், சில அடிகளைச் சும்மா விட்டார். கையில் போடாத தாளம் மனத்துக்குள் ஓடுவதுபோல, யாரும் வாசிக்காத முதல் அடி எங்கே விழுகிறது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கு அவருடைய வாத்தியத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரகாம் பிரஸ்காட் என்பவர் சுமார் 1825இல் செய்த பழைய பாஸ் அது. அன்றைக்குப் பலரும் சத்தம் பெரிதாக வர வேண்டும் என்று தந்திகளை உயரமாக வைத்திருந்தார்கள். உயரம் கூடினால் அழுத்தக் கை வலிக்கும், வேகம் போய்விடும். லஃபாரோ தந்திகளை விரல்பலகைக்கு மிக அருகே இறக்கினார். வலது கையின் விரல்களை மாற்றி மாற்றி, கிட்டார்க்காரர்போல மீட்டினார். சத்தம் குறையும், ஓட்டம் கூடும். எக்காளங்கள் முழங்கும் பெரிய குழுவில் அந்த நாதம் அமுங்கிப்போயிருக்கும். எவன்ஸின் மென்மையான தொடுகையும் மோஷனின் பிரஷ்களும் இருந்ததால்தான் அது நமக்குக் கேட்கிறது. ஒரு கலைஞன் எந்தக் குழுவில் இருக்கிறான் என்பதே அவன் வித்தை பிழைப்பதைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆனால் குழுவில் இருப்பது உத்தியோகம் அல்ல. கிளப்பில் சில நாட்களோ வாரங்களோ வாய்ப்பு வரும். குழுத் தலைவர் தமக்கு வேண்டியவர்களைக் கூப்பிடுவார். இடைப்பட்ட நாட்களில் வேறு யாராவது அழைத்தால் போக வேண்டியதுதான். எவன்ஸே 1959இல் மைல்ஸ் டேவிஸுக்காக 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தவர். லஃபாரோ 1960 டிசம்பரில் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டில் எட்டுப் பேரில் ஒருவராக வாசித்தார். வேன்கார்டு முடிந்த அடுத்த வாரமே ஸ்டான் கெட்ஸுடன் நியூபோர்ட் விழாவுக்குப் போய்விட்டார்.

ஜூலை 6ஆம் தேதி கார் விபத்தில் இறந்தார். வயது 25. பாஸைக் கையில் எடுத்ததே பதினெட்டு வயதில். அதற்கு முன் கிளாரினெட். பாஸோடு அவர் வாழ்ந்தது மொத்தமே ஏழு வருடம்.

எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை. பிறகு சக் இஸ்ரேல்ஸ் வந்தார், பின்னர் எடி கோமெஸ் பதினொரு வருடம் உடனிருந்தார். பாஸ் மாறியது, டிரம்ஸ் மாறியது, ட்ரியோ என்ற அமைப்பை எவன்ஸ் விடவில்லை. போதைப் பழக்கம் உடலைத் தின்றது. 1980இல், 51 வயதில் காலமானார்.

மோஷன் 1964இல் விலகினார். அவர் பாதை மெதுவானது. கீத் ஜாரெட்டுடன் வாசித்து, நாற்பதைத் தாண்டிய பிறகுதான் தம் பெயரில் முதல் இசைத்தட்டை உருவாக்கினார். பிறகு கிட்டாரில் பில் ஃப்ரிஸெல், சாக்ஸபோனில் ஜோ லொவானோ என்று தாமே ஒரு ட்ரியோ வைத்தார். அதில் பாஸ் இல்லை. வயதான காலத்தில் வெளியூர்ப் பயணத்தைக் குறைத்துக்கொண்டு, அதே வேன்கார்டில் திரும்பத் திரும்ப வாசித்தார். 2011இல், 80 வயதில் இறந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் கடைசி செட்டில் லஃபாரோ இயற்றிய 'ஜேட் விஷன்ஸ்' உருப்படியை அடுத்தடுத்து இரண்டு முறை வாசித்தார்கள். அவர் இறந்த பின் இந்தப் பதிவிலிருந்து வந்த முதல் இசைத்தட்டை எவன்ஸும் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் அவர் இயற்றிய இன்னொரு உருப்படியில் தொடங்கி, இந்த 'ஜேட் விஷன்ஸ்'இல் முடித்தார்கள். கேட்கும்போது பியானோவை விட்டுவிடுங்கள். காதைக் கீழே இறக்கி, பாஸை மட்டும் பின்தொடருங்கள்.