காட்டுக் கத்தியை எடைபோடுவது எப்படி?

படத்தில் பார்த்தால் எல்லாக் கைவினைக் கத்திகளும் அழகாகத்தான் இருக்கும். மான்கொம்பில் பிடி, அலகில் அலையலையாய் ஓடும் டமாஸ்கஸ் கோடுகள், தோலுறையில் பூவேலை. விலையும் அதற்கேற்றபடி ஏறும். ஆனால் காட்டில் நாள் முழுக்க மரம் சீவப்போகிறவருக்குத் தெரியவேண்டிய விஷயங்களில் பெரும்பாலானவை படத்தில் தெரிவதில்லை. எஃகை எந்தச் சூட்டில் காய்ச்சினார்கள், கூரின் கோணம் எவ்வளவு, ஒரு மணி நேரம் பிடித்து வேலை செய்தபின் உள்ளங்கை எப்படி இருக்கிறது என்பவற்றில்தான் கத்தியின் தரம் இருக்கிறது.

காட்டில் கிடைப்பதைக் கொண்டே தங்க இடமும் நெருப்பும் வேண்டிய சிறு கருவிகளும் அமைத்துக்கொள்ளும் கலைக்குப் புஷ்கிராஃப்ட் என்று பெயர். கனடாவில் இதைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மோர்ஸ் கொச்சான்ஸ்கி (1940–2019). பிரிட்டனில் ரே மியர்ஸ் தொலைக்காட்சி வழியாக வீடுதோறும் கொண்டுபோனார். இந்தக் கலையில் கத்தி சண்டைக்கோ வேட்டைக்கோ உரிய ஆயுதம் இல்லை. அது தச்சனின் உளிக்கும் இழைப்புளிக்கும் பதிலாகக் கையில் இருக்கும் ஒற்றைக் கருவி. விறகைப் பிளக்க வேண்டும், சுள்ளியைச் சுருள் சுருளாகச் சீவ வேண்டும், கரண்டி குடைய வேண்டும், மீன் சுத்தம் செய்ய வேண்டும். கொச்சான்ஸ்கி இதற்கு வைத்த அளவுகோல்கள் எளிமையானவை. அலகின் நீளம் உள்ளங்கை அகலத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் போதும். ஆனால், நின்றிருக்கும் மரத்தில் முனையைச் செருகி அதன் பிடிமேல் ஏறி நின்றாலும் கத்தி உடையக்கூடாது.

இந்த வகைக் கத்தியின் பிறந்தகம் வட ஐரோப்பா. அதிலும் பின்லாந்தின் பூக்கோ கத்தியைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை ஒப்பிடுவது எளிது. அந்நாட்டின் மேற்கே உள்ள கௌஹாவா என்ற ஊர் பூக்கோவுக்குப் பேர்போனது. ஈசாக்கி யார்வென்பா அங்கே 1879இல் தொடங்கிய பட்டறையின் பெயர் இன்றும் கத்திகளில் வருகிறது. பூக்கோவின் அலகு பெரும்பாலும் 9, 10 சென்டிமீட்டர்தான். முதுகு நேராக இருக்கும். விரலைத் தடுக்கும் குறுக்குப்பட்டை கிடையாது. சீவும்போது விரல் அலகை ஒட்டி முன்னே போகவேண்டும் என்பதற்காகவே விட்டுவிட்டார்கள். அலகின் பின்பகுதி மெல்லிய வாலாகப் பிடிக்குள் நுழைந்து மறுமுனையில் வெளிவரும். அந்த நுனியைச் சுத்தியலால் தட்டிப் பரப்பி இறுக்குவார்கள். பிடி பிர்ச் மரத்திலோ, அதன் பட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி அடுக்கி இறுக்கியோ செய்யப்படும். பட்டைப் பிடிக்குத் தனிச் சிறப்பு உண்டு. உறைபனியிலும் அது கையைச் சுடாது, ஈரத்திலும் வழுக்காது.

இனி ஒப்பிடத் தொடங்கலாம். என் கணக்கில் முதலிடம் வடிவத்துக்கு, அடுத்தது சூடேற்றிக் குளிர்வித்த பக்குவத்துக்கு, மூன்றாவதுதான் எஃகின் பெயருக்கு. விற்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், ஏனென்றால் எஃகின் பெயரை மட்டுமே அட்டையில் அச்சிட முடியும்.

வடிவத்தை அளக்க ஒரு வெர்னியர் போதும். வட ஐரோப்பியக் கத்திகளில் அலகின் இரு பக்கமும் ஒரே சமதளச் சரிவாக இறங்கிக் கூரில் சந்திக்கும். நுனியில் இரண்டாவது சிறு சரிவு கிடையாது. சாணைக்கல்லில் அந்தத் தளத்தை அப்படியே படுக்கவைத்துத் தீட்டலாம் என்பதால் காட்டில் கோணம் தவறுவதில்லை. இனி கணக்கு. அலகின் கனம் 3 மில்லிமீட்டர், சரிவின் உயரம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் என்றால் கூரின் மொத்தக் கோணம் சுமார் 24 பாகை. அதே கனத்தில் சரிவு 8.5 மில்லிமீட்டர் இருந்தால் 20 பாகை, 5.5 மட்டுமே இருந்தால் 30 பாகைக்கு மேல். பார்வைக்கு இந்த மூன்றும் ஒன்றுபோல இருக்கும். மரத்தில் வைத்து அழுத்தினால் வேறுபாடு உடனே தெரியும். 20 பாகைக் கத்தி தானாக இறங்கும், ஆனால் முடிச்சில் பட்டால் கூர் மடியலாம். 30 பாகைக் கத்தி மடியாது, ஆனால் ஒவ்வொரு சீவலுக்கும் தோள் வலு கேட்கும். இரண்டுக்கும் நடுவே 23 முதல் 25 பாகை வரை மர வேலைக்குச் சரியான இடம்.

கனத்திலும் மோகம் ஒன்று உண்டு. ரே மியர்ஸுக்காக ஆலன் வுட் என்ற கைவினைஞர் செய்துகொடுத்த கத்தி 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஓ-1 கருவி எஃகில் அமைந்தது. அது புகழ்பெற்ற பிறகு அதே கனத்தில் எண்ணற்ற கத்திகள் வந்தன. விறகைப் பிளக்க அந்தக் கனம் ஆப்புபோல உதவும் என்பது உண்மை. ஆனால் 4 மில்லிமீட்டர் அலகில் 25 பாகை வேண்டுமென்றால் சரிவை 9 மில்லிமீட்டர் உயரத்துக்கு இழைக்க வேண்டும். பலர் அவ்வளவு இழைப்பதில்லை. கோணம் பருத்துவிடுகிறது. உருளைக்கிழங்கைக்கூட நறுக்காமல் பிளக்கிற கத்தி கைக்கு வருகிறது. முகாமில் சமையலும் இதே கத்தியில்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

நம் ஊர் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கோணங்கள் எல்லாம் பைன், ஸ்புரூஸ், பிர்ச் போன்ற மிதமான மரங்களுக்கு ஏற்பட்டவை. காய்ந்த சவுக்கிலும் கருவேலத்திலும் அதே 20 பாகைக் கூரை இறக்கினால் சீக்கிரமே பல் விழுந்துவிடும். வெப்பநாட்டுக் கொல்லர்கள் அரிவாளின் கூரைச் சற்றுப் புடைப்பாக விட்டுவைத்ததற்கு இந்த மரங்களே காரணம். அதனால் ஒரு கத்தியை மதிப்பிடும்போது அது எந்த மரத்துக்காகச் செய்யப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத பக்குவம். கரிம எஃகைச் சுமார் 800 பாகை செல்சியஸுக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால், உள்ளே கரைந்த கரிமம் பிரிந்துபோக நேரமின்றிச் சிக்கிக்கொள்கிறது. எஃகு மிகக் கடினமாகவும், தட்டினால் உடையக்கூடியதாகவும் மாறுகிறது. நம் பட்டறைகளில் தோய்ச்சல் என்று சொல்வது இந்த வேலையைத்தான். பிறகு அதை ஏறக்குறைய 200 பாகையில் மீண்டும் சூடாக்கிக் கொஞ்சம் இளக்க வேண்டும். இளக்கம் குறைந்தால் கூர் உதிரும், மிகுந்தால் மடியும். கடினத்தன்மையைக் காட்டும் ராக்வெல் கருவி வைரக் கூம்பை 150 கிலோ சுமையில் அழுத்திப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும். காட்டு வேலைக்கான கத்திகள் அந்த அளவுகோலில் 58 முதல் 61 வரை வந்தால் நல்லது. ஆனால் எண் மட்டும் போதாது. காய்ச்சும்போது சூடு எல்லை மீறினால் எஃகின் மணிகள் பெருத்துவிடும். அப்படிப்பட்ட துண்டை உடைத்துப் பார்த்தால் முறிந்த முகம் சர்க்கரைபோல மினுமினுக்கும். நன்றாகப் பக்குவப்பட்டதில் அது மங்கிய சாம்பல் நிறத்தில் நெருக்கமாக இருக்கும். இரண்டுக்கும் கடினத்தன்மை எண் ஒன்றாக இருக்கலாம். மாதிரித் துண்டை உடைத்துக் காட்டத் தயங்காத கைவினைஞர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்த கத்தி என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டைக்குப் பரவலாகப் பயன்படும் 5160 என்ற எஃகில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமமும் சிறிது குரோமியமும் உண்டு. அமெரிக்காவின் பெயர்பெற்ற கத்திக் கொல்லர்கள் அதே எஃகைப் புதிதாக விலைக்கு வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். கேள்வி பட்டையைப் பற்றியது இல்லை, அதைக் காய்ச்சியவரின் கண்ணைப் பற்றியது.

கொல்லரின் திறனைச் சோதிக்க அமெரிக்காவில் கடுமையான தேர்வு ஒன்று இருக்கிறது. பில் மோரன் முன்னின்று 1976இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் அதை நடத்துகிறது. தேர்வுக்கு வருபவர் தாம் அடித்த கத்தியைக் கொண்டுவர வேண்டும். தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வெட்டில் துண்டிக்க வேண்டும். பிறகு இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டை ஒன்றை இரண்டு இடங்களில் வெட்டிப் பிரிக்க வேண்டும். அதே கூரால், தீட்டாமல், கையில் மயிர் மழித்துக் காட்ட வேண்டும். கடைசியாக அலகை வைஸில் பிடித்து 90 பாகை வளைக்க வேண்டும். அது இரண்டாக உடையக்கூடாது. இந்தத் தேர்வுக்காகச் செய்யும் கத்தி வெட்டுக்கத்தி வகை. சுள்ளி சீவும் சிறு கத்திக்கு இதே சோதனையை வைப்பது பொருந்தாது. ஆனால் அதன் வரிசை நமக்குப் பாடம். கட்டையை வெட்டியபின் மழிக்கச் சொல்கிறார்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த கத்தி மழிப்பது பெரிதில்லை. வேலை செய்தபின் என்ன மிச்சம் என்பதே கேள்வி.

இரண்டு கத்திகளை ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் இரண்டையும் நீங்களே, ஒரே கல்லில், ஒரே அளவு தீட்டுங்கள். அவரவர் தீட்டிக் கொடுத்த கூரை அப்படியே வைத்துச் சோதித்தால் தீட்டியவர்களைத்தான் ஒப்பிடுகிறீர்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெல்ட் கிரைண்டரில் கடைசிச் சரிவு போடும்போது மயிரிழை அளவு மெல்லிய நுனி நொடியில் சூடேறிவிடும். 300 பாகையை ஒட்டி எஃகில் நீலம் பூக்கும். அந்த இடத்தின் பக்குவம் போய்விட்டது என்று பொருள். பாலிஷ் போட்டால் நீலம் மறையும், மென்மை மறையாது. இப்படி நுனி கருகிய கத்தி முதல் வாரம் மட்டமாக இருந்து, மூன்று நான்கு முறை தீட்டியபின் நல்ல எஃகு வெளிப்பட்டுச் சீராகிவிடும். கைவினைக் கத்தி மீது அவசரமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இது வலுவான காரணம்.

தீட்டியபின் பித்தளைக் கம்பிச் சோதனை. பென்சில் அளவு கனமுள்ள கம்பியை மேசையில் வைத்து, கூரை அதன் மேல் தட்டையாகச் சாய்த்து மெல்ல அழுத்துங்கள். விளக்கொளியில் கூர் கம்பியின் வளைவுக்கு ஏற்ப இலேசாகப் புடைப்பது தெரியும். கத்தியை நகர்த்தியதும் அந்தப் புடைப்பு மறைந்தால் பக்குவம் சரி. வளைந்தபடியே நின்றால் எஃகு மெத்து. அரைவட்டமாகப் பெயர்ந்துவிட்டால் முறுகல். சில நொடிகளில் முடிகிற இந்தச் சோதனை பக்கம் பக்கமான விளம்பரத்தைவிட மேல்.

பிறகு மரம். ஒரே காய்ந்த கிளையைப் பாதியாக வெட்டி, பாதி ஒரு கத்திக்கு, பாதி மற்றதற்கு. சுள்ளியைச் செங்குத்தாக ஊன்றி மேலிருந்து கீழே சீவி, சுருள்கள் அடியில் விழாமல் ஒட்டிக்கொண்டே வரும்படி செய்யுங்கள். ஈரக்காட்டில் நெருப்பு மூட்ட இந்தச் சுருள்குச்சிதான் முதல் பொருள். நல்ல வடிவமுள்ள கத்தியில் சுருள் தாள்போல வரும், சீவிய தளம் மினுங்கும். அடுத்து ஆழமான வெட்டுத்தடம் போடுங்கள், முனையால் ஒரு குழி குடையுங்கள், மணிக்கட்டு அளவு கட்டையில் வைத்து முதுகில் தடியால் தட்டிப் பிளந்து பாருங்கள். முடித்ததும் கூரை மேல்நோக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். கூர்மையான விளிம்பு ஒளியைத் திருப்பாது. எங்கெல்லாம் வெள்ளைப் புள்ளி மின்னுகிறதோ அங்கெல்லாம் மழுங்கியிருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது.

ஷெபீல்டில் உள்ள ஆய்வு நிறுவனமான கேட்ராவின் இயந்திரம், சிலிக்கா கலந்த அட்டையைக் கத்தியால் அறுத்துக் கூர் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கிறது. சமையலறைக் கத்திக்கு அந்த எண் பயனுள்ளது. காட்டில் கத்தி தேய்ந்து மழுங்குவதைவிட மடிந்தும் உதிர்ந்தும் கெடுவதே அதிகம். அதனால், அட்டையில் கொடிகட்டும் உயர்கலவை எஃகைவிட, கையடக்கக் கல்லில் சில நிமிடத்தில் கூர் திரும்பும் எளிய கரிம எஃகையே நான் தேர்ந்தெடுப்பேன். துரு பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் போதும்.

பிடிக்கு ஒரே சோதனை, ஒரு மரக்கரண்டி செய்து முடிப்பது. விரலுக்கு விரல் பள்ளம் வைத்த பிடிகள் கடையில் கச்சிதமாகப் பொருந்தும். பிடிப்பை மாற்ற வேண்டிய வேலையில் ஒவ்வொரு மேடும் கொப்புளமாகும். முட்டை வடிவக் குறுக்குவெட்டும் நடுவில் இலேசான உப்பலும் போதும். இன்னொன்றை அவசியம் பாருங்கள்: கூர் எங்கே தொடங்குகிறது? பல கைவினைக் கத்திகளில் பிடிக்கும் கூருக்கும் இடையே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெற்று எஃகு விட்டுவிடுகிறார்கள். மரம் சீவும்போது கை பலம் முழுதும் விழும் இடம் அதுதான். அந்த இடத்தில் கூர் இல்லாத கத்தியை நான் இரண்டாம் இடத்துக்கே தள்ளுவேன், எவ்வளவு அழகாக இருந்தாலும். உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கும்போது கத்தி விழாமல் இருந்தால் உறை தேறிவிட்டது.

ஒப்பிட ஓர் அடிமட்டம் வேண்டுமல்லவா? ஸ்வீடனின் மோரா ஊர்த் தொழிற்சாலைக் கத்திகளில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மில்லிமீட்டர் கனமும் பிளாஸ்டிக் பிடியும் கொண்ட மலிவான கத்தி அது. ஆனால் வடிவம் சரியானது. பல மடங்கு விலை சொல்லும் கைவினைக் கத்தி சுள்ளி சீவுவதில் அதற்குப் பின்தங்கினால், நீங்கள் கொடுக்கும் பணம் அழகுக்கு மட்டுமே.

சோதனையை வீட்டுத் தோட்டத்துக் காய்ந்த கிளையில் வைத்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கத்தியும் அடங்கும். எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம். முதுமலைக்கோ களக்காட்டுக்கோ போகும்போது கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.