நீரிழிவு எமது தலையெழுத்தா?

எம்மவர் பலர் நீரிழிவைப் பரம்பரை நோய் என்றே சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. மேற்கு இலண்டனில் இந்திய வம்சாவளியினரையும் ஐரோப்பியரையும் பல ஆண்டுகள் அவதானித்த இம்பீரியல் கல்லூரி ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. பின்னர் நீரிழிவுக்கு ஆளானோரின் இரத்தக் கலங்களில், நோய் வருமுன்பே, மரபணுக்களின்மேல் ஒட்டியுள்ள இரசாயன அடையாளங்கள் ஐந்து இடங்களில் வேறுபட்டிருந்தன.

மரபணு பெற்றோர் தந்தது, அது மாறாது. இந்த அடையாளங்களோ மாறக்கூடியவை. உடற்பருமனோடு தொடர்புடைய அடையாள மாற்றங்களில் பெரும்பாலானவை எடை கூடியதன் விளைவே என 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே இடுப்புச் சுற்றளவைக் கவனிப்போம்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே நீரிழிவோ இருதய நோயோ இல்லாதவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் ஒதுக்கிவைக்காதீர்கள்.