எடிட்டருக்குத் தனியாக ப்ளக் இன் மேனேஜர் தேவையா?

ஏற்காட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். தோட்டத்துக் காபி, மிளகுக் கணக்கை நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் எடிட்டரில் டைப் செய்து வைக்கிறார். ஒரே மாதத்தின் கணக்கு இரண்டு பைல்களில் இருந்தது. கூட்டுத்தொகை ஒத்துப் போகவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் காட்ட 'கம்பேர்' என்ற ப்ளக் இன் உண்டு என்றேன். "அதற்கு முதலில் ப்ளக் இன் மேனேஜர் டவுண்லோட் செய்யணுமாமே?" என்று கேட்டார். உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வரலாம்.

ப்ளக் இன் என்பது எடிட்டரில் இல்லாத வசதியைச் சேர்க்கும் சிறிய புரோகிராம். முன்பு இவற்றை நிர்வகிக்க, ப்ளக் இன் மேனேஜர் என்ற இன்னொரு ப்ளக் இன் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் உடன் வந்தது. அதில் விளம்பரம் இடம் பெற்றதால், 2017ல் வந்த 7.5 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். 2018ல் வந்த 7.6 பதிப்பில் 'ப்ளக் இன்ஸ் அட்மின்' என்ற வசதி எடிட்டருக்குள்ளேயே தரப்பட்டது. எனவே தனியாக எதையும் டவுண்லோட் செய்ய வேண்டாம்.

ப்ளக் இன்ஸ் மெனுவில் ப்ளக் இன்ஸ் அட்மின் கிளிக் செய்யுங்கள். பட்டியலில் வேண்டியதை டிக் செய்து இன்ஸ்டால் அழுத்துங்கள். எடிட்டர் மூடித் திறந்ததும் ப்ளக் இன் தயார்.

மழையிலும் பனிமூட்டத்திலும் இன்டர்நெட் கிடைக்காத நாளில் என்ன செய்வது? சேலத்தில் டவுண்லோட் செய்து பென் டிரைவில் கொண்டு வரலாம். எடிட்டரின் 'ப்ளக் இன்ஸ்' போல்டரில், அந்த டிஎல்எல் பைலின் பெயரிலேயே ஒரு போல்டர் உருவாக்கி அதற்குள் பைலைப் போடுங்கள். எடிட்டர் 64 பிட் என்றால் ப்ளக் இன்னும் 64 பிட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இயங்காது. விம் எடிட்டரிலும் 2016ல் வந்த 8ஆம் பதிப்பு முதல் இப்படி போல்டரில் போட்டாலே போதும்.

அப்படியானால் அட்மின் எதற்கு? டவுண்லோட் ஆன பைல், பட்டியலில் பதிவான அதே பைல்தானா என்று அது சோதிக்கிறது; புதிய பதிப்பு வந்தால் தெரிவிக்கிறது. நாமே காப்பி செய்தால் இந்தச் சோதனை கிடையாது. எடிட்டர் திறக்கும், அழிக்கும் பைல்களை ப்ளக் இன்னும் திறக்கலாம், அழிக்கலாம். எனவே ப்ளக் இன்னை உருவாக்கியவரின் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். தேவையில்லாததை நீக்கிவிடுங்கள்.

நண்பரின் கணக்கில் பிழை ஒரே வரிதான். மிளகு 52 கிலோ என்பது 25 என்று பதிவாகியிருந்தது.