வீட்டுச் சூரிய மின்கலமும் அதன் வரவு செலவும்

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள் இன்று நம் நாட்டு நகரங்கள் பலவற்றிலும் மாடிகளின்மேல் காட்சியளிக்கின்றன. ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைச் சூரிய மின்சாரம் கிடைக்கச் செய்யும் நோக்குடன் மத்திய அரசு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 'பிரதம மந்திரி சூரிய கர்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தில்லி, மும்பை, நாகபுரி, ஆமதாபாத் முதலிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தாரும் தகடுகளை அமைத்து வருகின்றனர். சிலர் அவற்றோடு மின்கலத்தையும் பொருத்திக்கொள்கின்றனர். தகடு கண்ணுக்குத் தெரியும். தூசி படிந்தால் துடைத்துவிடலாம். மின்கலமோ மூடிய பெட்டி. அதனுள் எவ்வளவு சேமிப்பு உள்ளது, அஃது எவ்வளவு நேரம் தாங்கும், எப்போது நலிவடையும் என்பவற்றை அறிவது எப்படி? இதற்கெனக் கணிப்பொறியும் கைப்பேசியும் தரும் மென்பொருள் உதவியைப் பற்றி இங்கே காண்போம்.

முதற்கண், மின்கலம் எதற்கு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மின்கலம் இல்லாத சாதாரணக் கூரை அமைப்பு, ஊர் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நண்பகலில் வெயில் கொளுத்தினும் அவ்வீட்டில் விசிறி சுழலாது. பழுது பார்க்கும் பொருட்டு மின்கம்பிமேல் கை வைக்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகவே இவ்வேற்பாடு. மின்தடை நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமாயின், மின்கலமும் அதனோடு இயங்கவல்ல இன்வெர்ட்டரும் தேவை.

கைப்பேசித் திரையில் தோன்றும் எண்களைப் படிக்குமுன் இரண்டு சொற்களை வேறு பிரித்து உணர்வது நலம். வாட், கிலோவாட் என்பன திறனைக் குறிப்பன. அதாவது, இந்தக் கணத்தில் மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதைக் கூறுவன. கிலோவாட் மணி என்பது ஆற்றலின் அளவு; அதாவது, மொத்தம் எவ்வளவு செலவாயிற்று என்பது. மின்கட்டணச் சீட்டில் 'யூனிட்' என வழங்குவது இதுவே. குழாயில் நீர் பாயும் வேகம் திறன். தொட்டியில் நிறைந்த நீர் ஆற்றல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பங்கள் பல.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 51.2 வோல்ட் அழுத்தமும் 100 ஆம்பியர் மணிக் கொள்ளளவும் உடைய லிதியம் மின்கலம் ஒன்று 5.12 யூனிட் கொள்ளும். அதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்துவோமாயின் ஏறத்தாழ 4.1 யூனிட். இன்வெர்ட்டரில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் நம் கைக்கு எட்டுவது 3.7 யூனிட். விசிறிகள், விளக்குகள், குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து சராசரி 250 வாட் செலவாகும் வீட்டில் இது 15 மணி நேரம் வரை தாங்கும். அதனுடன் சராசரி 1000 வாட் இழுக்கும் குளிர்சாதனத்தையும் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இந்த வேற்றுமையை அன்றாடம் நம் கண்முன் வைப்பதே கண்காணிப்பு மென்பொருளின் முதற்பயன்.

மின்கலத்தின் இருப்பை மென்பொருள் எவ்வாறு அறிகிறது? பிரெஞ்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்ட ஈய அமில மின்கலத்தில் இது எளிது. சிறிது நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் மின்கலம், நிறைந்த நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ட்டும், பாதி நிலையில் 12.2 வோல்ட்டும் காட்டும். ஆனால், இக்காலத்து வீடுகளில் பரவிவரும் லிதியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் அழுத்தம் நெடுநேரம் ஒரே நிலையில் நிற்கும். கடைசியில் திடீரெனச் சரியும். ஆகவே அழுத்தத்தைக் கொண்டு மட்டும் இருப்பை மதிப்பிட இயலாது. உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் கணந்தோறும் அளந்து, கடைக்காரர் பேரேடு எழுதுவதுபோல் வரவு செலவு கணக்கிட வேண்டும். அளவையில் ஏற்படும் சிறு பிழைகள் நாளடைவில் சேர்ந்து பேரேட்டைப் பிறழச் செய்யும். இடையிடையே மின்கலத்தை முழுவதும் நிறைத்தால் கணக்கு மீண்டும் நேர்படும். திரையில் 40 விழுக்காடு என்று காட்டிய மின்கலம் திடீரென அணைந்துபோவதற்கு இக்கணக்குப் பிறழ்ச்சியும் ஒரு காரணம்.

மேற்கூறிய லிதியம் மின்கலத்தினுள் 16 சிறு கலங்கள் வரிசையாகப் பிணைக்கப்பட்டுள்ளன. ஏரில் பூட்டிய மாடுகளில் ஒன்று தளர்ந்தால் மற்றதும் நிற்க வேண்டியதே. அதுபோல, ஒரு கலம் நலிந்தால் பதினாறும் அதற்குக் கட்டுப்பட்டே இயங்கும். கலங்களின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கவனிக்கும் காவற்கருவி ஒன்று பெட்டிக்குள்ளேயே உண்டு. எல்லாவற்றினும் உயர்ந்த கலத்திற்கும் தாழ்ந்த கலத்திற்கும் உள்ள அழுத்த வேற்றுமையை மென்பொருள் காட்டுமாயின், அதனை மாதம் ஒருமுறை, மின்கலம் நிறையும் தறுவாயில், குறித்து வைப்பது நன்று. அவ்வேற்றுமை மாதந்தோறும் வளருமாயின், உத்தரவாதக் காலம் முடியுமுன்னரே விற்றவரிடம் முறையிடலாம். குறிப்பு கையிலிருந்தால் முறையீட்டிற்கு வலிமை உண்டு.

இவ்வளவைகள் நம் கைப்பேசியை அடையும் வழிகள் இரண்டு. தயாரிப்பாளர் தரும் சிறு கருவி இணையத்தின் வழியே அவரது கணிப்பொறிக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து நாம் பெறுவது ஒன்று. வீட்டிலேயே ஒரு சிறு கணிப்பொறியை அமைத்து, இன்வெர்ட்டரிலிருந்து கம்பி வழியாக நேரே பெறுவது மற்றொன்று. 1979இல் தொழிற்சாலைகளுக்கென வகுக்கப்பட்ட 'மோட்பஸ்' என்னும் செய்தி முறையையே இன்றும் பல இன்வெர்ட்டர்கள் பேசுகின்றன. 2013இல் தோன்றிய 'ஹோம் அசிஸ்டன்ட்' என்னும் கட்டணமில்லா மென்பொருள் அதனைப் படித்து வரைபடமாகத் தரவல்லது. முதல் வழி எளிது. ஆயின் இணையம் அறுந்தால் செய்தியும் அறும். இரண்டாவது வழிக்குச் சிறிது பயிற்சி வேண்டும். ஆயின் கணக்கு நம் வீட்டிலேயே தங்கும். எவ்வழியாயினும், இணையப் பெட்டியையும் மின்கலத்தின் காப்பில் இணைத்தல் வேண்டும். இல்லையேல், மின்தடை நேரத்தில், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், திரை வெறுமையாகிவிடும்.

நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வாழ்வோர் வரைபடத்தை வெவ்வேறாகவே படிக்க வேண்டும். நாடெங்கும் கடிகாரம் ஒன்றே. சூரியன் உச்சியை அடையும் நேரமோ ஒன்றன்று. குவஹாத்தியில் ஏறத்தாழ 11.20க்கே உச்சிப் பொழுது வந்துவிடும், ஆமதாபாத்தில் 12.40 ஆகும். ஆதலால் வளைகோட்டின் சிகரம் பன்னிரண்டு மணிக்கு இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் தகட்டின் விளைவு சற்றுக் குறைவதும் இயற்கையே. தகடு சூடேறச் சூடேற அதன் திறன் தாழும். மின்கலத்திற்கும் வெப்பம் பகை. தில்லியின் கோடையில் மூடிய பலகணி ஓரம் மின்கலத்திற்கு உகந்த இடமன்று. சிம்லா, லே போன்ற குளிர்ப் பகுதிகளிலோ, உறைநிலைக்குக் கீழே லிதியம் மின்கலத்தில் மின்னேற்றம் செய்வது அதனைக் கெடுத்துவிடும். வெப்பநிலை எல்லை கடந்தால் எச்சரிக்கை வருமாறு மென்பொருளில் குறித்துவைத்தல் அவசியம்.

நோயாளிகள் உள்ள இல்லங்களுக்கு இக்கண்காணிப்பு உயிரைப் பற்றியது. பிராணவாயுச் செறிவூட்டி ஒன்று 350 வாட் செலவிடும் என்று கொள்வோம். ஊர் மின்சாரம் உள்ள வேளையில் மின்கலம் 50 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கலாகாது எனக் கட்டளை அமைத்துவிட்டால், மின்தடை எந்நேரத்தில் வந்தாலும் 20 விழுக்காடு வரையில் இறங்குவதற்குள் அக்கருவி மட்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும். அதற்குள் உருளைக்கோ மருத்துவமனைக்கோ ஏற்பாடு செய்துகொள்ளலாம். இந்த ஒதுக்கீட்டைக் கட்டணச் சிக்கனத்திற்காகக் குறைப்பது தகாது.

பணி மாற்றம் காரணமாக ஊர் ஊராகச் செல்லும் நம்மவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல வீடுகளில், மின்கலத்தைப் பொருத்திய தொழிலாளரின் பெயரிலேயே செயலியின் கணக்கு தொடங்கப்பட்டுவிடுகிறது. அவர் தொழிலை விட்டால், உரியவர் தம் வீட்டு மின்கலத்தையே பார்க்க இயலாமற் போகும். பணம் தீர்க்குமுன்னரே கணக்கை உரிமையாளர் பெயருக்கு மாற்றி, முதலில் தரப்பட்ட கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும். பார்க்கும் உரிமையைக் குடும்பத்தார் அனைவருக்கும் வழங்கலாம். அமைப்பை மாற்றும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருப்பது நலம்.

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, ஈய அமில மின்கலத்தை நிறைத்து, நீரளவு பார்த்துச் செல்ல வேண்டும். தொடர்பு துண்டித்து நெடுநாள் விடப்படும் லிதியம் மின்கலத்தைப் பாதியளவில் விடுதல் சிறப்பு. திருநெல்வேலியில் அமர்ந்து தில்லி வீட்டின் மின்கலத்தைக் கைப்பேசியில் காண்பது இன்று எளிதே. ஆயினும் காண்பது வேறு, காப்பது வேறு. தீயைத் தடுப்பவை முறையான உருகியும், தானே துண்டிக்கும் சுவிட்சும், நல்ல கம்பிப் பிணைப்புமே. எச்சரிக்கை வந்தால் வீட்டிற்குச் சென்று பார்க்க, விவரம் அறிந்த அண்டை வீட்டார் ஒருவரிடம், மின்கலத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் எது என்பதையும் காட்டிவிட்டுப் புறப்படுவோமாக.