பிள்ளையைக் கொடுப்பது குற்றமல்ல

ஏற்காடு மலையில் கிராம செவிலியராக இருக்கிறேன். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் எஸ்டேட்டுப் பக்கம் போனால், யாராவது ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தனியே கூப்பிடுவாள். "நர்சம்மா, நாள் தள்ளிப் போகுது. வீட்டுல தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

யார் காரணம் என்று நான் கேட்பதில்லை. கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாய் என்றுதான் கேட்பேன். 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதலோடு கருவைக் கலைக்கலாம். சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும். மணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பியவளுக்கு வீட்டார் கையெழுத்து தேவையில்லை.

நாள் கடந்துவிட்டால் புரோக்கர் மோப்பம் பிடித்து வருவான். "நல்ல குடும்பம், பிரசவச் செலவும் அவங்களுது" என்பான். 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளிவந்தபோது கைதானவர் ஓய்வுபெற்ற நர்ஸ். எங்கள் தொழிலில் இருந்தவர் என்பதால் இன்னும் உறுத்துகிறது. பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை சிறை.

முறையாகக் கொடுப்பது வேறு. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் தாய் ஒப்படைப்புப் பத்திரம் எழுதித் தருகிறாள். மணமாகாதவள் என்றால் அவள் கையெழுத்தே போதும். அதற்கு முன் ஆலோசனை உண்டு. விஷயம் வெளியே போகாது. எழுதிக் கொடுத்த பிறகும் 60 நாள் அவகாசம் இருக்கிறது. பால் கட்டி நெஞ்சு கனக்கிற வாரத்தில் எடுத்த முடிவு பிறகு மாறலாம் அல்லவா? மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். அதுவரை யாருக்கும் தத்துக் கொடுக்க மாட்டார்கள்.

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். பெண் சிசுக்களின் உயிரைக் காக்க வந்த திட்டம் அது. ஒப்படைப்பு முறையில் தாய்க்கும் யோசிக்க நேரம் கிடைக்கிறது. வழி தெரியாதவர்கள் 1098க்கோ 181க்கோ போன் செய்யலாம்.

மறைத்துச் சுமக்கிறவள் பரிசோதனைக்கு வருவதில்லை. "கொடுக்கப்போற பிள்ளைக்கு எதுக்கு நர்சம்மா ஊசி, மாத்திரை?" என்பாள். உனக்குத்தாம்மா என்பேன். வளர்ப்பதா கொடுப்பதா என்பதை அப்புறம் அவளே சொல்லட்டும்.