ஏற்காட்டுத் தூக்கம்... குளிராலா, இருட்டாலா?

"ஏற்காடு போனா தூக்கம் சும்மா அள்ளிக்கிட்டுப் போகுதுங்க!" என்பார்கள் சேலத்துக்காரர்கள். ஏன் என்று கேட்டால், "குளிருதான், வேறென்ன?" என்று ரெடியாகப் பதில் வரும். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் குளிராமல் என்ன செய்யும்?

ஆனால், மாலை முழுவதையும் குளிருக்கே போட்டுவிட வேண்டாம். இருட்டுக்கும் பங்கு உண்டு!

2013-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக விஞ்ஞானி கென்னத் ரைட், எட்டுப் பேரை ராக்கி மலையில் ஒரு வாரம் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். பகலில் வெயில், ராத்திரி விறகு நெருப்பு... அவ்வளவுதான். டார்ச் லைட்டுக்குக்கூடத் தடா! ஒரே வாரத்தில் அவர்களுடைய உடம்புக் கடிகாரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. தூக்கத்துக்குக் கட்டியம் கூறும் மெலடோனின் ஹார்மோன் சீக்கிரமே சுரக்க ஆரம்பித்திருந்தது.

'உடம்புக்குள்ளே கடிகாரமா?' என்று சிரிக்காதீர்கள். நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் இதைத்தான் ஆராய்ந்தார். முதலில் குகை வௌவால்கள். அப்புறம், பொழுது தெரியாத, கடிகாரமும் இல்லாத அறையில் மனிதர்கள்! உள்ளே இருந்தவர்களுக்குத் தூக்கமும் விழிப்பும் ஒரு தாளத்தில் வரத்தான் செய்தன. ஆனால் 24 மணியில் நிற்காமல் நழுவின. அந்த நழுவலைத் தினமும் திருகிச் சரிசெய்வது வெளிச்சம். இதற்கென்றே நம் கண்ணில் தனி செல்கள் உண்டு. ராத்திரி பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம் பட்டால், 'இன்னும் பகல்தான்' என்று அவை மூளைக்குத் தந்தி அடித்துவிடும்!

தூக்கத்தோடு போனால் பரவாயில்லை. 2022-ல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான சிலரை ஒரே ஒரு ராத்திரி, மங்கலான 100 லக்ஸ் விளக்கின் கீழே தூங்க வைத்துப் பார்த்தார்கள். கண் மூடித்தான் இருந்தது. ஆனாலும் ராத்திரி இதயத் துடிப்பு கூடியது. காலையில் இன்சுலினின் பேச்சை உடம்பு சரியாகக் கேட்கவில்லை. இதனால் மட்டுமே சர்க்கரை வியாதி வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை உள்ள வீட்டில் விடிய விடிய பல்பு எதற்கு?

மலையேறி வருகிறவர்களோ, லாட்ஜ் அறையிலும் டியூப்லைட், டி.வி., செல்போன் மூன்றையும் விடுவதில்லை. போதாததற்கு ராத்திரி பத்து மணிக்கு எஸ்டேட் காபி வேறு! அதுவும் அந்தக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், ஸார்.

லேடீஸ் சீட்டில் நின்றால், கீழே சேலம் வைரமாக ஜொலிக்கும். அந்த வைரங்களில் சில விசைத்தறிக் கூடத்து விளக்குகள். நைட் ஷிப்ட் பார்ப்பவரிடம் லைட்டை அணைக்கச் சொல்ல முடியுமா? அவர் விடிந்து வீட்டுக்கு வந்து படுக்கும்போது, ஜன்னலில் கனமாக ஒரு ஜமுக்காளத்தையாவது கட்டிவிடுங்கள்.